மடிப்பு நிற்காத நோட்டு

1

கனடாவில், டொராண்டோவை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், மளிகைக் கடைக் கல்லாவில் நிற்கிறவள் நான். இங்கே முக்கால்வாசிப் பேர் கார்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நோட்டை நீட்டுகிறவர்கள் வயசானவர்களும், ஊருக்குப் புதுசாக வந்தவர்களும்தான். அவர்கள் புண்ணியத்தில் இந்த நாட்டு நோட்டில் இருக்கிற மூஞ்சிகளெல்லாம் எனக்கு அத்துப்படி. இருபது டாலர் பச்சை, அதில் ராணி. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் அதே புன்னகையோடு என் கல்லாவுக்கு வந்து போகிறார். அஞ்சு நீலம், அம்பது சிவப்பு, நூறு மண் கலர். அதிலெல்லாம் கோட்டுப் போட்ட பழைய தலைவர்கள்.

நூறு டாலரின் பின்பக்கத்தில் இன்சுலின் புட்டி ஒன்றைப் போட்டிருப்பார்கள். அந்த மருந்தைக் கண்டுபிடித்தது இந்த ஊர்க்காரர்கள் என்கிற பெருமை. எங்கப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். “நான் தெனம் வவுத்துல குத்திக்கிறதையா நோட்டுல போட்டுக்கினு இருக்கறாங்க? நல்ல கவுருமெண்டுதான்” என்று சிரித்தார்.

பத்து டாலர் மட்டும் தனி ரகம். மற்ற நோட்டெல்லாம் படுத்திருக்கும், இது நெட்டுக்குத்தாக நிற்கும். கத்திரிப்பூ நிறம். அதில் ஒரு கறுப்பினத்து அம்மா இருக்கிறார், சொந்தமாகத் தொழில் நடத்தியவர். ஒரு நாள் சினிமா பார்க்கப் போனார். வெள்ளைக்காரர்கள் உட்காருகிற பகுதியில் உட்கார்ந்தார். எழுந்திரு என்றார்கள், எழவில்லை. இழுத்துக்கொண்டு போய் லாக்கப்பில் வைத்தார்கள். அவர் கண்ணை மூடி எத்தனையோ வருஷம் கழித்து, நாங்கள் பண்ணியது தப்பு என்று அரசாங்கம் சொன்னது. அப்புறம் நோட்டில் போட்டது. இதெல்லாம் என் பெண் இனியா பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னது.

இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். ஆடி பிறந்துவிட்டது. போன ஆடியில் காஞ்சிபுரத்தில் நடந்ததை எழுதாமல் இந்த ஆடியைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரே அண்ணன். ஏகாம்பரம் என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே பட்டுத்தறி வைத்திருக்கிறார். தெரு அம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் பண அலங்காரம் செய்கிற பொறுப்பும் அவருடையது. ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெருக்காரர்கள் ஆளுக்கொரு புது நோட்டுக் கொடுப்பார்கள். அதை விசிறி விசிறியாக மடித்து, அம்மனுக்குப் புடவை கட்டினாற்போல மேலெல்லாம் கட்டுவார்கள். மறுநாள் அதே நோட்டு, மஞ்சள் குங்குமத்தோடு, கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வரும். அதைச் செலவழிக்கக் கூடாது, பீரோவில் வைத்துக் கும்பிடணும்.

போன வருஷம் ஆனி மாசத்தில் அவர் போன் பண்ணினார். சேகர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய் சேகரு, பக்கத்துத் தெருக்காரன் சிங்கப்பூரு, மலேசியா, துபாய்னு ஊர் ஊரா நோட்டு வெச்சு அம்மனை ஜொலிக்க வுட்டுட்டான்பா. நம்மூட்டுல கனடா ஆளு இருந்துக்கினு நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்குது? குடும்பத்தோட வா. அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னும் எத்தினி நாளைக்கு மூஞ்சத் திருப்பிக்கினு இருக்கறது?”

சேகர் கண் கலங்கிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த வார்த்தை. எனக்கும் நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாகிப் போனது. அப்புறம் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“தெருவுல யாராச்சும் கேட்டா, உங்க வூட்டம்மாவ மாகறல்னு சொல்லச் சொல்லு. நம்மளவங்கன்னு நெனச்சிக்கட்டும். ரெண்டு நாளுதானேப்பா.”

சப்பாத்திக் கட்டையை அப்படியே வைத்துவிட்டேன். சேகர் என் முகத்தைப் பார்க்காமல், “சரிண்ணா” என்றார்.

2

நான் மாகறல் இல்லை. மாகறலில் எனக்குத் தெரிந்தது அங்கே இருக்கிற பழைய சிவன் கோயில் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள். நான் ஆத்தங்கரை காலனி. காலனி என்றால் எந்தக் காலனி என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றோம். அப்பா பஸ் டெப்போவில் டயர் மாற்றி எங்களைப் படிக்க வைத்தார். நானும் சேகரும் ஸ்ரீபெரும்புதூர் போகிற கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பேசிப் பழகி, ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். மாமனார் தலை முழுகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். நாங்கள் கனடாவுக்குக் கிளம்பினோம்.

இங்கே வந்த புதிதில் ஒவ்வொரு ஆபீசிலும் வரிசையில் நின்றோம். எங்கே பிறந்தாய் என்று கேட்பார்கள். காஞ்சிபுரம் என்பேன். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டித் தப்புத் தப்பாகத் தட்டி, அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். காஞ்சிபுரத்தில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீடு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் நாள் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். சேகர், குளிரில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டு மப்ளரைக் கொடுத்தார்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் இனியாவும் எங்கப்பா வீட்டில் இருப்போம். சேகர் மட்டும் பிள்ளையார்பாளையம் போய்விட்டு ராத்திரிக்குத் திரும்பி வருவார். ஏன் என்று இனியா கேட்டால், “உங்க தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, சத்தம் ஆகாது” என்று சொல்லி வைத்திருந்தோம். சொல்லக் கூடாது என்று ஒன்றும் திட்டம் போடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று போய்விட்டது.

இனியாவின் தமிழே ஒரு கூத்து. இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிற டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அதனால் இவளும் ஆமாம் என்பதற்கு “ஓம் அம்மா”, புரியவில்லை என்பதற்கு “எனக்கு விளங்கேல்ல” என்றுதான் பேசுவாள். எங்கப்பா ஒவ்வொரு தடவையும், “இன்னாமா, பேத்தி ஓம் ஓம்னு மந்திரம் சொல்லிக்கினே இருக்குது” என்பார். மற்றபடி அவளுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான். கதவைச் சாத்திக்கொள்வாள், காதில் மாட்டிக்கொள்வாள், நாங்கள் யாரோ அவள் யாரோ. அம்மனுக்கு என்ன நோட்டுக் கொண்டுபோகலாம் என்று நான் கேட்டபோது மட்டும் காதிலிருந்து கழற்றிவிட்டு, “அந்தப் பத்து டாலர், அம்மா” என்றாள். ஒரு பேச்சு, அவ்வளவுதான். ராணியை நான் எடுத்து வைத்தேன், பத்து டாலரை அவள் எடுத்து வைத்தாள்.

3

பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசல்படியை முதல்முறையாக மிதித்தபோது எனக்குக் கால் கூசியது. ஓரகத்தி காஞ்சனா, ஏகாம்பரம் மாமாவின் மனைவி, ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். “பழசெல்லாம் வுடு செல்வி. வந்துட்ட இல்ல, அது போதும்” என்றாள். என் முழுப்பெயர் கலைச்செல்வி. அந்த வீட்டில் யாரும் அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது, மீதிப் பாதியில் தலைவாழை இலை போட்டு விருந்து. அவள் பாசம் நிஜம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டு மடிக்கிற வேலை. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அவரவர் நோட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா நோட்டைப் பணமாகவே பார்க்கவில்லை, நூல் பார்க்கிற கண்ணோடு பார்த்தார்.

“இருநூறு ரூவா மாம்பழக் கலரு, அது ஒடம்புக்கு. நூறு ரூவா கத்திரிப்பூ, பார்டருக்கு. அம்பது நீலம், முந்திக்கு. ஐநூறு சாம்பலா இருக்குது, அத உள்பக்கம் வுட்டுடு.”

மடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தலை இருக்கிற பக்கம் உள்ளே போகணும். “அம்மன் மேல இன்னொரு மூஞ்சி தெரியக் கூடாதுமா. தாத்தாவா இருந்தாலும் உள்ளதான்” என்றார் மாமா. நோட்டில் சிரிக்கிற தாத்தா ஒவ்வொரு மடிப்பிலும் மறைந்தார். பின்பக்கத்துக் கல் தேரும், கல் ஸ்தூபியும், படிக்கிணறும் வெளியே வந்தன. “பாரு, அத்தினியும் கோயில் சமாச்சாரம். அம்மனுக்குன்னே போட்டு வெச்சிருக்கறான்.”

எங்கள் நோட்டைக் கையில் வாங்கினார். ராணியை, “நீங்களும் உள்ள போங்கம்மா” என்று மடித்தார். பத்து டாலரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அடடா, அசல் கத்திரிப்பூ! இந்தக் கலருக்கு சாயக்காரன் கிட்ட நான் எத்தினி தபா சண்ட போட்டிருக்கறேன் தெரியுமா? இது நடுப் பதக்கம். கழுத்துக்குக் கீழ.”

மடித்தார். கையை எடுத்ததும் நோட்டு விரிந்துகொண்டது. நகத்தால் நீவி மடித்தார். மறுபடி விரிந்தது. நம்மூர்க் காகிதம் மாதிரி இல்லை, கனடா நோட்டெல்லாம் பிளாஸ்டிக். குண்டூசி குத்தவும் கூடாது, நோட்டு ஓட்டையானால் அம்மனுக்கு ஆகாது.

“இன்னா நோட்டுப்பா இது, அடங்கவே மாட்டுது” என்று கடைசியில் ஒரு ஜரிகை இழையை எடுத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இனியா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மா ஆரம்பித்தாள். “நீ எந்த ஊருமா?”

நான் அடுத்த நோட்டை மடிக்க எடுத்தேன். சேகர் முந்திக்கொண்டார். “மாகறல்.”

“மாகறலா! மாகறல்ல யாரு வூடு?”

சேகர் அண்ணனைப் பார்த்தார். காஞ்சனா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதான் கோயிலுக்குப் பின்னால” என்றாள்.

“கோயிலுக்குப் பின்னாலன்னா எங்க நாத்தனா வூட்டுக்குப் பக்கமாச்சே. நாளைக்கு அவளும் வரா. வந்தா ஒரே பேச்சுதான் போ” என்று அந்த அம்மா வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

என் கையிலிருந்து மடித்த நோட்டு மடியில் நழுவி விழுந்தது.

4

மாடியில் துணி காய்கிற இடத்தில் இனியா என்னைப் பிடித்தாள். இன்னும் இருட்டவில்லை. கீழே தறிச் சத்தம் நின்று, கோயில் மைக் டெஸ்டிங் கேட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா, அப்பா ஏன் பொய் சொன்னவர்? நீங்கள் மாகறல் இல்லைதானே.”

அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும். காலனி என்றால் என்ன, மாமனார் ஏன் தலை முழுகினார், அப்பா மட்டும் ஏன் இந்த வீட்டுக்கு வந்து போனார், எல்லாம். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் இங்கிலீஷில் ஏதோ திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது.

“நாங்கள் அந்தப் பத்து டாலர் அம்மாட நோட்டைக் கொண்டு வந்திருக்கிறம். அதைக் குடுத்துப்போட்டு நீங்கள் பொய் சொல்லப் போறீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு என்னடி! நாலு நாள்ல பிளைட் ஏறிடுவ. இங்க எங்கப்பா இருக்கணும். எந்தம்பி இந்தத் தெரு வழியாத்தான் வேலைக்குப் போவணும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அடி வாங்கப் போறது அவங்க. நோட்டுல படம் போட்டா ஊரு மாறிடுமா?”

“மாறாது” என்றாள். “ஆனா நீங்களும் பிளைட் ஏறினனீங்கள்தானே.”

கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. கையை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள். சேகர் வந்து பக்கத்தில் நின்றார். “ஒரு நாளு பொறுத்துக்கோ செல்வி. அண்ணன் இத்தினி வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கறாரு” என்றார். எனக்கு அவர் மேல் பரிதாபமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் தெரு அடைத்துப் பந்தல். பெண்களுக்கு முன்வரிசையில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். காஞ்சனா என்னையும் இனியாவையும் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். திரை போட்ட கருவறைக்குள் பூசாரி, வெளியே மைக்கோடு ஏகாம்பரம் மாமா. ஒவ்வொருத்தராகத் தட்டில் நோட்டை எடுத்துக்கொண்டு போய், மைக்கில் தன் பெயரையும் தெருவையும் சொல்லித் தரணும். எந்தத் தெரு என்று வாயால் சொல்கிறார்களோ, மறுநாள் விளக்கு வைக்கிறதுக்குள் அந்தத் தெருவுக்கே போய், பொறுப்பாளர் தன் கையால் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாகணும். சொல்லிக் கொடுத்த நோட்டை வேண்டாமென்று தள்ளவும் கூடாது. தள்ளினாலும், நேரம் தவறினாலும், பொறுப்பாளர் வீட்டுக்கு ஆகாது. மாமாவுக்கு இதில் ரொம்பப் பயபக்தி. வேலூரில் கட்டிக்கொடுத்த தெருப் பெண்ணுக்குக்கூட பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தவர் என்று காஞ்சனா முந்தின நாள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

மாகறல்காரி வந்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மா கைகாட்ட, நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கோயிலுக்குப் பின்னாலயா? யாரு பொண்ணுமா நீ? உங்கப்பா பேரு இன்னா?” என்றாள்.

“கனடா பார்ட்டி வாங்க” என்று மைக்கில் மாமா கூப்பிட்டார். தப்பித்தோம் என்று எழுந்தேன். தட்டை வாங்கும்போது மாமா மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி, என் காதோடு சொன்னார். “பேர மட்டும் சொல்லுமா. தெருவ நான் சொல்லிக்கிறேன்.”

திரும்பிப் பார்த்தேன். இனியா என்னைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இவள் இனிமேல் என்னைப் பார்க்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

“கலைச்செல்வி. ஆத்தங்கரை காலனி.”

ஸ்பீக்கர் அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது. மாமா மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு ஆள், “இன்னா ஏகாம்பரம் இது?” என்று எழுந்தான். இன்னொருத்தன், “தெருவையே ஏமாத்தினியா?” என்றான். மாமா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டிலிருந்த குங்குமம் சிந்தியது. கொஞ்ச நேரம் அம்மன் பக்கம் பார்த்தார். அப்புறம் தட்டோடு திரைக்குள்ளே போனார்.

நான் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மாகறல்காரி புடவையை ஒடுக்கிக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சில பேர். காஞ்சனா அழுதுகொண்டே, “ஏன்டி இப்படிப் பண்ண? எங்க மானம் போச்சே” என்றாள். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை, அது மட்டும் சத்தியம். எழுந்திருக்கச் சொன்னாலும் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது.

திரை விலகியது. மாம்பழ நிறத்தில் அம்மன் நின்றாள், ஓரமெல்லாம் கத்திரிப்பூ பார்டர். மூஞ்சிகளெல்லாம் மடிப்புக்குள் இருந்தன. கழுத்துக்குக் கீழே அந்தப் பத்து டாலர் மட்டும் ஜரிகை இழையை நழுவவிட்டு, மெதுவாக விரிந்தது. நெட்டுக்குத்தாக அந்த அம்மாவின் முகம் தெரு மொத்தத்தையும் பார்த்தது.

“நடுவுல யாருப்பா அது, யாரோ பொம்பள மூஞ்சி?” என்று ஒரு கிழவர் கேட்டார். மாமா பதறிப்போய் உள்ளே எட்டி மடித்துவிட்டார். கையை எடுத்தார், விரிந்தது. மறுபடி மடித்தார், மறுபடி விரிந்தது. “வுடுப்பா, தீபாராதனைக்கு நேரம் ஆவுது” என்று பூசாரி அவரை நகர்த்தினார்.

பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண் இனியாவிடம், “யாருமா அந்தம்மா?” என்று கேட்டது காதில் விழுந்தது. இனியா தன் சனிக்கிழமைத் தமிழில் சொன்னாள். “அவ இருக்கக் கூடாது எண்டு சொன்ன இடத்தில இருந்தவ. எழும்பச் சொன்னவை. அவ எழும்பேல்ல.” இனியா நகர்ந்து வந்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

6

அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கப்பா வீட்டுக்கு வந்துவிட்டோம். சேகரும் வந்தார். நடந்ததைக் கேட்டு அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா இந்த வேல? அவங்க ஆளுங்க பத்துப் பேரு வண்டியில வந்து நின்னா இன்னா பண்ணுவ? நீ போய்டுவ, இங்க குப்ப கொட்டறது நாங்கதானே.”

இனியாவிடம் நான் சொன்ன அதே வார்த்தை. அப்பா தம்பியை வேலைக்குப் போக வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை. காலை போனது, மத்தியானம் போனது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போனார். மாமா வருவாரா, வேறு யாராவது வருவார்களா, அந்த நோட்டை அப்படியே குப்பையில் போட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பத்து டாலர் பெரிசில்லை, கல்லாவில் ஒரு நாளில் எத்தனையோ பார்க்கிறேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற நோட்டு என் வீட்டு வாசலுக்கும் வருமா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சேகரின் போன் அடித்தது. அண்ணன்.

“காலனி முக்குல நிக்கிறேன். டீக்கடைகிட்ட. பொண்ண அனுப்பி வாங்கிக்கச் சொல்லு.”

இனியா செருப்பைத் தேடினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம். மத்த வூட்டுக்கெல்லாம் வாசலுக்குத்தானே போனாரு? இங்கயும் வரணும்.”

“செல்வி, முக்கு வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்” என்றார் சேகர்.

“அப்ப அந்தப் பெரிய விஷயத்த நீயே போய் வாங்கிக்க. நானும் எம்பொண்ணும் வர மாட்டோம்.”

சேகர் என்னைப் பார்த்தார், எங்கப்பாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் அண்ணன் பேச்சை மீறினதே இல்லை. போனைக் காதில் வைத்துச் சொன்னார். “அண்ணா, நீலக் கதவு வூடு. நேரா வந்தா சோத்தாங்கைப் பக்கம். நாங்க வூட்டுலதான் இருக்கறோம்.” கட் பண்ணிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு ஏற்றத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். தெருவே வாசலில் நின்று அவரைப் பார்த்தது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தெல்லாம் வேர்வை. சைக்கிள் கூடையில் மஞ்சள் பை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஸ்டாண்டு போட்டார். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு பையை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. “உள்ள வாங்க மாமா” என்றேன். என் குரலில் மரியாதையும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது.

“டைம் ஆச்சுமா. தெருவுல ஆளுங்க கூடிப் பேசிக்கினு இருக்கறாங்க. என்னைய அடுத்த வருஷம் பொறுப்புலேருந்து எடுக்கணும்னு...” என்று நிறுத்திவிட்டார். அவருக்கும் என் மேல் கோபம் இருந்தது, கண்ணிலேயே தெரிந்தது. பைக்குள்ளே குங்குமப் பொட்டலத்தைத் தள்ளிக்கொண்டு அந்த நோட்டு விரிந்து, பை வாயில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மாமா அனிச்சையாக அதை உள்ளே அழுத்தினார். அது மறுபடி வந்தது.

எங்கப்பா உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் போட்டார். காலையிலிருந்து பயந்து செத்த மனுஷன், துண்டால் அதைத் தட்டிவிட்டு, “வாங்க சம்பந்தி” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாமா தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். படியேறி உள்ளே வந்து, பையை என் கையில், விரல் படவே கொடுத்தார். நின்றுகொண்டே இருந்தார். எங்கப்பாவும் நின்றார், எல்லாரும் நின்றோம்.

“பெரியப்பா, இருங்கோ” என்றாள் இனியா, உட்காருங்கள் என்கிற அர்த்தத்தில். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நாற்காலியைக் காட்டினாள்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து யாரென்று பார்த்துக் காதில் வைத்தார். எதிர்முனையில் ஒரு ஆண் குரல் கத்துவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, எங்கேய்யா போய்த் தொலைஞ்ச என்று. மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக உட்கார்ந்தார். போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்கயா? ஆத்தங்கரை காலனில. எந்தம்பி சம்சாரத்தோட அப்பா வூட்டுல. இல்ல, வாசல்ல இல்ல. உள்ள உக்காந்துக்கினு இருக்கறேன். வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்.”